ஹேண்டில்பார் மாற்றப் போகிறீர்களா? முதலில் அளவு நாடாவை எடுங்கள்

கேள்வி: "ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறேன். என் உயரம் 163 செ.மீ. சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி ஓட்டிப் போகிறேன். ஒரு மணி நேரம் ஓட்டியதும் இரண்டு கைகளிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது. உயரமான ஹேண்டில்பார் போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? ஹேண்டில்பாரை உயர்த்த அடியில் வைக்கும் ரைசர் மட்டும் போதுமா? இருப்பதையே வெட்டிச் சுருக்கலாமா?"

உயரமான ஹேண்டில்பாரை இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளில் ஒன்றை அது ஓரளவு குறைக்கலாம், மற்றதைக் கூட்டிவிடக்கூடும். தோள்பட்டைகளுக்கு நடுவே வரும் வலிக்குக் கை தாழ்ந்திருப்பது மட்டும் காரணமில்லை. கை அகலமாக விரிந்து, எட்டிப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பதாலும் அது வரும். 163 செ.மீ. உயரமுள்ள ஒருவர் இன்டர்செப்டரில் உட்காரும்போது இந்த இரண்டாவது காரணத்துக்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்த வண்டி அறிமுகமானபோது நிறுவனம் தந்த அகலம், கண்ணாடிகள் நீங்கலாக, 789 மி.மீ. வண்டியின் மிக அகலமான பகுதி ஹேண்டில்பார்தான். உங்கள் தோள் அகலத்தை அளந்து அதனோடு ஒப்பிட்டால் கை எவ்வளவு விரிகிறது என்பது தெரிந்துவிடும்.

உடலில் எங்கே வலிக்கிறது என்பதை வைத்துத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியும் பிடரியும் சேர்ந்து வலித்தால் ஹேண்டில்பார் தாழ்வாகவோ தொலைவாகவோ இருக்கிறது. உடல் முன்னே சாய்கிறது, அதன் எடையைக் கை தாங்குகிறது, சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தோளின் மேற்பகுதி கனத்து, கையே பாரமாகத் தோன்றினால் ஹேண்டில்பார் தேவைக்கு மேல் உயரமாக இருக்கிறது. கீழ் முதுகு மட்டும் வலித்தால் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இருக்கையையும் கால் வைக்கும் பெக்கையும் பாருங்கள்.

விரல்கள் இன்னும் துல்லியமாகவே சொல்லிவிடும். சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்வு தருவது அல்நார் நரம்பு. அது முழங்கையின் உட்புறமாக வந்து, உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கத்து அடிமேட்டைக் கடந்து விரல்களுக்குப் போகிறது. அந்த மேட்டில் எடை அழுந்தி, எஞ்சின் அதிர்வும் சேர்ந்தால் அந்த விரல்கள் மரக்கும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரப்பது வேறு கதை. அது மீடியன் நரம்பு. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருப்பதும், பிடியை இறுக்கிப் பிடிப்பதும் அதைத் தொந்தரவு செய்யும். உங்களுக்கு மரப்பது சுண்டு விரல் பக்கம். அதுவும் இரண்டு கைகளிலும். ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடிப்பதால் வந்ததென்றால் வலக்கையில் மட்டும்தான் கூடுதலாக இருந்திருக்கும். ஆகவே கையின் வெளிப்புற அடிமேட்டில் எடை இறங்குகிறது, கைப்பிடியின் சாய்வு உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்றே நான் கருதுகிறேன். வண்டியிலிருந்து இறங்கிய பிறகும் நாள்கணக்கில் மரப்பு நீடித்தாலோ, பொருளைப் பிடிக்கும் வலு குறைந்தாலோ, உதிரிபாகக் கடைக்குப் போகும் முன் நரம்பு மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து இருக்கை. ஹேண்டில்பார் பற்றிக் கேட்டவருக்கு இருக்கையைப் பற்றிச் சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சிறிது சிறிதாக முன்னே சறுக்கி டேங்க் அருகே போய்விடுகிறீர்களா என்று கவனியுங்கள். அப்படியானால் அந்தச் சறுக்கலைத் தடுத்து நிறுத்துவது உங்கள் கைதான். காலியான நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, தொடைகளால் டேங்கை அணைத்துக்கொண்டு, கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். உடல் முன்னே விழப்பார்த்தால் இவ்வளவு நேரமும் கைகளை ஊன்றித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கமும் இருக்கையின் சறுக்கலும் மாறாமல் எந்த ஹேண்டில்பார் போட்டாலும் மரப்பு திரும்பி வரும். சறுக்காத உறை ஒன்று போடுவதே சிலருக்குப் பாதி வலியைக் குறைத்துவிடுகிறது.

காசு செலவில்லாத திருத்தங்களை இப்போது செய்யுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்பின் நான்கு போல்ட்டுகளையும் சற்றே தளர்த்தினால் முழு ஹேண்டில்பாரையும் முன்னோ பின்னோ சுழற்றலாம். கைப்பிடி கிளாம்பிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருந்தால், 5 டிகிரி பின்னே சுழற்றும்போது கைப்பிடி ஏறத்தாழ 9 மி.மீ. உங்கள் பக்கம் வரும். கேட்க அற்பமாக இருக்கும். ஓட்டும்போது அந்த வேறுபாட்டைத் தோள் உடனே உணரும். ஆனால் இதற்கு எல்லை உண்டு. அளவுக்கு மேல் பின்னே சுழற்றினால் கைப்பிடியின் வெளிமுனை கீழே சாயும். எடை முழுவதும் மறுபடி சுண்டு விரல் பக்கமே இறங்கும். உங்கள் வண்டியில் யாராவது ஏற்கெனவே அப்படிச் சுழற்றி வைத்திருக்கலாம். பல ஹேண்டில்பார்களில் கிளாம்பின் விளிம்போடு பொருந்தும்படி ஒரு புள்ளி குத்தப்பட்டிருக்கும். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

சுழற்றிய பிறகு கிளட்ச், பிரேக் லீவர்களையும் சுழற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உட்கார்ந்து, கண்ணை மூடி, விரல்களை நீட்டுங்கள். முன்கையும் புறங்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் போய் லீவரின் மேல் அமர வேண்டும். விரல்களை மேலே தூக்கித்தான் லீவரைத் தொட முடிகிறது என்றால் மணிக்கட்டு நாள் முழுவதும் மடங்கியே இருக்கும். லீவரின் கிளாம்ப் திருகை வெறிகொண்டு முறுக்காதீர்கள். வண்டி விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்று கொடுக்கும் அளவுக்கு இறுக்கம் போதும். முன் பிரேக்கின் எண்ணெய்க் கிண்ணம் மட்டும் ஓரளவு மட்டமாக இருக்கட்டும். மிகவும் சாய்ந்து எண்ணெயும் குறைந்திருந்தால் காற்று உள்ளே போகும்.

இவற்றைச் செய்து நான்கைந்து நெடும்பயணம் ஓட்டிப் பார்த்த பிறகும் வலித்தால்தான் புதிய ஹேண்டில்பார் பற்றிய பேச்சு. அதற்கு முன் உங்கள் கை எங்கே நிற்க விரும்புகிறது என்பதை அளந்துகொள்ள வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஓட்டும்போது போடும் ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, கால்களைப் பெக்கில் வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இரண்டு கைகளிலும் கைக்கொரு பென்சிலைச் செங்குத்தாக இல்லாமல் கைப்பிடியைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள். கண்ணை மூடி, தோளைத் தளரவிட்டு, முழங்கை லேசாக மடங்கியபடி கைகளை முன்னே கொண்டுவந்து அவை இயல்பாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கூட இருப்பவர் மூன்றை அளக்க வேண்டும்: இரு கைகளுக்கும் இடையிலான அகலம், இப்போதைய கைப்பிடியிலிருந்து உங்கள் கை எவ்வளவு மேலே, எவ்வளவு பின்னே இருக்கிறது என்பது. கூடவே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பென்சில்கள் சாய்ந்து நிற்கும் கோணம்தான் உங்கள் மணிக்கட்டு கேட்கும் கோணம். ஒரே முறையில் முடிவு செய்யாமல் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். கை மறுபடி மறுபடி எங்கே வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்சில்களைப் பார்த்தால் ஒன்று புரியும். யாருக்கும் அவை ஒரே நேர்க்கோட்டில் நிற்பதில்லை. கட்டை விரல் பக்கம் முன்னேயும் சுண்டு விரல் பக்கம் பின்னேயுமாகச் சாய்ந்திருக்கும். வெளிமுனை சற்றே தாழ்ந்துமிருக்கும். ஹேண்டில்பார் முனைகள் பின்னே வளைவது இதற்காகத்தான். பின்வளைவு குறைவாக இருந்தால் முழங்கைகளை வெளியே விரிக்க வேண்டும். விரிக்காமல் ஒடுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கட்டை விரல் பக்கமாக ஒடியும். பின்வளைவு மிகுந்தால் சுண்டு விரல் பக்கமாக ஒடியும். கடைகளில் கவர்ச்சியாக மாட்டியிருக்கும், மண் பாதைப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் ஹேண்டில்பார்கள் நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் பலருக்கும் ஒத்துவராததன் காரணம் இதுதான். அவை பெக்கின் மேல் எழுந்து நின்று, முழங்கையை விரித்து ஓட்டுபவருக்காக வளைக்கப்பட்டவை. 1969-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ரென்தால் போன்ற நிறுவனங்கள் அந்த மாதிரி ஓட்டத்துக்காகச் செய்துதான் பெயர் பெற்றன. தரத்தில் குறையே இல்லை. அந்த வளைவு உட்கார்ந்து முந்நூறு கிலோமீட்டர் போகும் உங்களுக்கானதா என்பதுதான் கேள்வி.

எந்த ஹேண்டில்பாரையும் நான்கு அளவுகளில் சொல்லிவிடலாம்: முனைக்கு முனை அகலம், கிளாம்பிலிருந்து கைப்பிடியின் உயரம், கைப்பிடி பின்னே வரும் தூரம், முனைகள் மேலோ கீழோ சாயும் கோணம். இப்போது வண்டியில் இருப்பதன் நான்கு அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்க நினைப்பதன் அளவுகளை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வேறுபாடு உங்கள் பென்சில் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: உயரத்தைச் சில நிறுவனங்கள் குழாயின் நடுவிலிருந்தும் சில நிறுவனங்கள் அடியிலிருந்தும் அளக்கின்றன. வரைபடம் தராமல் "உயரம் இவ்வளவு" என்று மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள். ஜெர்மனியில் மாற்று ஹேண்டில்பாருக்குச் சான்று ஆவணம் வேண்டும் என்பதால் அந்தச் சந்தைக்குச் செய்யப்படுபவற்றில் வரைபடம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். வாங்காவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

ரைசர் பற்றிக் கேட்டீர்கள். ரைசர் என்பது கிளாம்புக்கு அடியில் வைக்கும் உலோகக் கட்டை. அகலத்தையும் சாய்வையும் அது மாற்றாது, இடத்தை மட்டும் மாற்றும். ஆனால் உயரத்தோடு தூரத்தையும் கொஞ்சம் மாற்றுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்னே சாய்ந்திருக்கிறது. இன்டர்செப்டரில் அந்தச் சாய்வு 24 டிகிரி. அதே சாய்வில் 30 மி.மீ. ரைசர் வைத்தால் கைப்பிடி நேர்மேலே 27 மி.மீ. ஏறும், 12 மி.மீ. உங்கள் பக்கம் வரும். எட்டிப் பிடிப்பதுதான் தொல்லையென்றால், பின்னே நகர்த்தும்படி செய்யப்பட்ட ரைசர்களும் உண்டு. உங்கள் நிலைமையில் நான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வது 20 முதல் 25 மி.மீ. வரையிலான, சற்றே பின்னே நகர்த்தும் ரைசரைத்தான். அதற்கு மேல் போக வேண்டாம்.

ஏன் அதற்கு மேல் வேண்டாம்? நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று முழுவதும் மார்பில் மோதி உடலைப் பின்னே தள்ளும். பின்னே போகாமல் இருக்கக் கைகளால் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிப்பீர்கள். தோளில் வேறொரு வலி தொடங்கும். உடல் லேசாக முன்னே சாய்ந்திருந்தால் அந்தக் காற்றே உடலின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. கைக்குச் சுமை குறைகிறது. நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு நிமிர்ந்த அமைப்பு சுகம். திருச்சி வரை போகும் உங்களுக்கு அந்தச் சிறு சாய்வு தேவை. புல்லட்டுகளில் தோளுக்கு மேல் கை போகும்படி உயரமான ஹேண்டில்பார் மாட்டுகிறவர்களின் ஆசையை நான் மதிக்கிறேன். அது தோற்றத்துக்கான தேர்வு. உடல்வலிக்குத் தீர்வாக அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரைசரை எங்கே வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். லேத் பட்டறையில் கடைந்து தருகிறார்கள், அழகாகவும் செய்கிறார்கள். ஆனால் உலோகம் எது, போல்ட்டின் தரம் எது என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடைப்பது அரிது. ரைசர் வைத்தால் நீளமான போல்ட் வேண்டும். அதன் தலையில் வலுவின் தரத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். அலுமினியத்தில் போல்ட்டின் மரை அதன் விட்டத்தைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு உள்ளே இறங்க வேண்டும். 8 மி.மீ. போல்ட் என்றால் 12 மி.மீ. இதற்குக் குறைவாகப் பிடித்திருக்கும் ரைசர் சாதாரண நாளில் நிற்கும். பள்ளத்தில் இறங்கி ஹேண்டில்பாரில் எடை விழும் நாளில் மரை பிய்ந்துவிடும். ஒரு ரைசரின் மேல் இன்னொன்றை அடுக்குவதை எக்காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

வெட்டலாமா என்றால், வெட்டலாம். உங்களுக்கு அதில்தான் கூடுதல் பயன் இருக்கும் என்றுகூட நினைக்கிறேன். பக்கத்துக்கு 15 மி.மீ. வெட்டினால் மொத்தம் 30 மி.மீ. குறையும். வண்டியைத் திருப்பும் நெம்பு வலு ஏறத்தாழ 4 சதவீதம் குறையும்; நிறுத்தித் திருப்பும்போது சற்றே கனமாகத் தெரியலாம், ஓடும்போது பெரும்பாலும் தெரியாது. ஆனால் ரம்பத்தை எடுக்கும் முன் கிரிப்பையும் ஸ்விட்சுகளையும் லீவரையும் வெட்ட நினைக்கும் அளவுக்கு உள்ளே தள்ளி மாட்டி ஓட்டிப் பாருங்கள். நேரான பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடம் வரை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வலப்பக்கம் ஆக்சிலரேட்டர் சுழலும் பகுதி வளைவின் மேல் ஏறினால் திருகும்போது பிடிக்கும், அது ஆபத்து. முனையில் இருக்கும் எடைக்கட்டை எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். சில வண்டிகளில் குழாய்க்குள்ளேயே மரை பற்றவைக்கப்பட்டிருக்கும். வெட்டினால் அது போய்விடும், பிறகு உள்ளே விரிந்து பிடிக்கும் வகை எடைதான் போட வேண்டும். எடையே இல்லாமல் ஓட்டாதீர்கள். அதிர்வைக் குறைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள், உங்கள் விரல்களுக்கு அது மிகவும் தேவை. வெட்டிய முனையை அரத்தால் மழுங்கச் செய்து, இரும்பாக இருந்தால் உள்ளும் புறமும் துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள். கடலோரக் காற்றில் முனைதான் முதலில் துருப்பிடிக்கும்.

வெட்டுவது சரி, சூடாக்கி வளைப்பதும் பற்றவைப்பதும் கூடவே கூடாது. விபத்தில் வளைந்த இரும்பு ஹேண்டில்பாரை நிமிர்த்தித் தருகிறோம் என்பார்கள். அலுமினியத்தையும் நிமிர்த்துவார்கள். இரும்பு வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் ஒருமுறை வளைந்து நிமிர்ந்தால் உள்ளே விரிசலோடு இருந்து, வேறொரு நாளில் சொல்லாமல் ஒடியும். வளைந்த அலுமினியத்துக்கு இடம் பழைய உலோகக் கடைதான்.

புதிதாகவே வாங்குவதென்றால் விட்டத்தைப் பாருங்கள். இன்டர்செப்டர் உட்பட நம் சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் குழாய் 22.2 மி.மீ., அதாவது எட்டில் ஏழு அங்குலம். ஹார்லி டேவிட்சன் போன்ற பெரிய க்ரூசர்களுக்கு ஒரு அங்குலம், 25.4 மி.மீ.; அதில் உங்கள் லீவரும் ஸ்விட்சும் ஏறாது. நடுவில் 28.6 மி.மீ. பருத்து முனையில் 22.2-ஆக மெலியும் வகைக்குப் புதிய கிளாம்பும் வாங்க வேண்டும். அது உறுதியானது, தாங்கும் வலு அதிகம். ஆனால் உங்கள் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடையில் பொருளை கையில் வாங்கி, கண்ணாடி மேசை போன்ற சமதளத்தில் வையுங்கள். இரு முனைகளும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் வழுக்காமல் இருக்கக் கீறல் வரிகள் இருக்க வேண்டும். முனைத் துளையில் குழாயின் கனத்தைப் பாருங்கள். புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் நல்ல பொருளும் கிடைக்கும், புகழ்பெற்ற பெயரை ஒட்டிய மெல்லிய குழாயும் கிடைக்கும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவென்றால் நம்பாதீர்கள்.

மாட்டும் வேலையில் பெரும்பாலான கோளாறுகள் கேபிள்களில்தான் வருகின்றன. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், முன் பிரேக் ஹோஸ், இரண்டு ஸ்விட்சுகளின் வயர்கள் எல்லாம் பழைய ஹேண்டில்பாரின் இடத்துக்கு அளந்து விடப்பட்டவை. 20, 25 மி.மீ. நகர்வை அவை பெரும்பாலும் தாங்கும். போகும் பாதையைச் சற்று மாற்றினால் போதும். அதற்கு மேல் என்றால் நீளமானவை வாங்க வேண்டும், செலவும் அங்கேதான் ஏறும். எதையும் வெட்டும் முன்னும் துளையிடும் முன்னும் எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி, ஹேண்டில்பாரை இடம் வலமாக முழுவதும் திருப்பிப் பாருங்கள். எந்தக் கேபிளும் விறைக்கக் கூடாது, எந்த வயரும் ஸ்டீயரிங் தடுப்பில் நசுங்கக் கூடாது. லீவருக்கும் டேங்குக்கும், கைப்பிடிக்கும் உங்கள் முழங்காலுக்கும் நடுவே ஒரு கட்டை விரலாவது நுழைய வேண்டும்.

பிறகு எஞ்சினை இயக்கி, நியூட்ரலில் வைத்து, ஹேண்டில்பாரை மெதுவாக இரு பக்கமும் முழுவதும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் சிறிதும் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. யூ வளைவில் திரும்பும்போது வண்டி தானாகப் பாயும். எஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொரு சோதனை: ஹேண்டில்பாரை நேராகவும் இடமாகவும் வலமாகவும் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகி விடுங்கள். "டக்" என்று தானாகத் திரும்பி மூட வேண்டும். இந்த இரண்டு சோதனைகளையும் மெக்கானிக் செய்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள், நீங்களே செய்யுங்கள்.

பிரேக் ஹோஸை மாற்ற நேர்ந்தால் இணைப்பில் இருக்கும் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். ஏபிஎஸ் இருக்கும் வண்டியில் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. இன்னொரு சிறு விஷயம்: ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால் உள்ளே சிறு முளை இருக்கலாம். பழைய ஹேண்டில்பாரில் அதற்கென ஒரு துளை இருக்கும், புதியதில் இருக்காது. துளையிட்டால் இடத்தை மிகச் சரியாக அளந்து, முளையின் அளவுக்கு ஒரே ஒரு சிறு துளை போடுங்கள். முளையைச் சீவிவிடும் வழக்கமும் உண்டு, ஆனால் ஆக்சிலரேட்டர் பக்கத்தில் அதைச் செய்தால் பெட்டியே சுழல வாய்ப்புண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கிளாம்ப் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சில வண்டிகளில் முன் போல்ட்டுகளை முதலில் முழுவதும் இறுக்கி, இடைவெளியைப் பின்பக்கம் மட்டும் விட வேண்டும். சிலவற்றில் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். எந்த வகை என்பதும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். கிளாம்புக்கு அடியில் ரப்பர் புஷ் உள்ள வண்டியாக இருந்தால் அது தளர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஹேண்டில்பார் உயர உயர அந்தத் தளர்ச்சி பெரிதாகத் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பதிவுச் சான்றில் ஹேண்டில்பார் குறிக்கப்படுவதில்லை. ஆனாலும் தோளுக்கு மேல் போகும் ஹேண்டில்பாரோடு சாலையில் நிறுத்தப்பட்டால் வாதாட வேண்டியது நீங்கள்தான். 20 மி.மீ. ரைசரும் சற்றே குறுகிய ஹேண்டில்பாரும் யார் கண்ணையும் உறுத்தாது. இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பாகங்களில் உங்கள் அளவுக்கு ஏதேனும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு ஓட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

ஆக, உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இருக்கைச் சறுக்கலை நிறுத்துங்கள்; ஹேண்டில்பாரையும் லீவரையும் சுழற்றிப் பாருங்கள்; கிரிப், ஸ்விட்ச், லீவர்களை உள்ளே தள்ளி மாட்டி, குறுகிய பிடியில் ஒரு முறை திருச்சி போய் வாருங்கள். தோள்வலி அதிலேயே குறைந்தால் பக்கத்துக்கு 10 மி.மீ. வெட்டுங்கள், போதவில்லை என்றால் இன்னும் 5. எட்டிப் பிடிப்பது தொடர்ந்தால் ரைசர். பென்சில் காட்டிய சாய்வு உங்கள் ஹேண்டில்பாரில் இல்லவே இல்லை என்று உறுதியான பிறகு, அந்தச் சாய்வு உள்ளதை வரைபடம் பார்த்து வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. வெட்டுவதாக இருந்தால் பழைய ஹேண்டில்பாரை அப்படியே வீட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றை வாங்கி அதை வெட்டுவது இன்னும் நல்லது; வண்டியை விற்கும்போது பழையது தேவைப்படும். மாட்டிய பிறகு முதல் நெடும்பயணம் முடிந்ததும் கிளாம்ப் போல்ட்டுகளை மறுபடி சோதித்துவிடுங்கள். விரல் மரப்பு எவ்வளவு நேரத்தில் தொடங்குகிறது என்பதை முன்னும் பின்னும் குறித்து எழுதினால், அடுத்து எதைத் திருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.